உள்தாழ்ப்பாள்

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் இரண்டு விஷயம் சொன்னார். தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். பாத்ரூம் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கக் கூடாது. உள்ளே விழுந்துவிட்டால் கதவை உடைக்கவேண்டி வரும். இரண்டுமே சரியான பேச்சு. இரண்டும் எங்கள் வீட்டில் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

நான் பயந்த சுபாவம். மழை வந்தால் கரண்ட் கம்பி அறுந்து விழும் என்று பயப்படுவேன். மழை வராவிட்டால் போர் வற்றிவிடும் என்று பயப்படுவேன். ஆந்திரப் பக்கம் இருக்கும் எங்கள் நகரிக்கு ஆட்டோவில் வந்து இறங்கி, அவரைக் கட்டிலில் உட்காரவைத்த கையோடு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றினேன். பிளாஸ்டிக் கதவில் திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் நின்றன. அவர் கட்டிலில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு அவரிடம் பேச்சு இல்லை.

அவர் என் மாமன் மகன், என்னைக் கட்டினவர். ஒரு காலேஜ் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார், புத்தூர் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திருப்பதிக்கு. ஒருநாள் காலையில் வண்டிக்குப் புறப்பட்டவர் வாசலில் செருப்பு மாட்ட முடியாமல் நின்றார். கட்டைவிரல் வாருக்குள் போகவே இல்லை. செருப்புதான் சரியில்லை என்று நினைத்து வேறு ஜோடியை எடுத்து வைத்தேன். அதிலும் போகவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. வலது கையும் வலது காலும் மரத்துப்போயிருந்தன.

அந்த நாளிலிருந்து எனக்கும் ஏதோ மரத்துப்போனது. அழுகை வரவில்லை. நாயுடுபேட்டையில் கம்பெனி வேலையில் இருக்கும் மகள் ஆஸ்பத்திரிக்கு வந்து அழுதாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாருடைய கையையோ எங்கோ வைத்திருப்பது போல இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் சாமான்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் குணத்தைக் காட்டின. இத்தனை வருஷம் வீட்டில் கிடந்தவைதான். ஆனால் எல்லாமே இரண்டு கை உள்ளவர்களுக்காகச் செய்தவை என்பது அதுவரை தெரியாது. பேஸ்ட் மூடியைத் திருக ஒரு கை, குழாயைப் பிடிக்க ஒரு கை. சட்டைப் பொத்தானுக்கு இரண்டு. லுங்கி முடிச்சுக்கு இரண்டு. பிஸ்கட் பாக்கெட் கிழிக்க இரண்டு கையும் ஒரு பல்லும். தீப்பெட்டி சொல்லவே வேண்டாம். மாத்திரை டப்பா ஒன்று வந்தது, அதன் மூடி சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது, திறக்கவில்லை. மேலே இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது. கெட்டுப்போன டப்பா என்று கத்தியால் அறுத்துத் திறந்தேன். பிறகு மகள் போனில் சொன்னாள், அழுத்திக்கொண்டே திருகவேண்டுமாம், குழந்தைகள் திறந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்கிறார்களாம். குழந்தை திறக்கக் கூடாது என்று செய்தது என்னையும் திறக்கவிடவில்லை.

நான் ஏழாவதோடு படிப்பை விட்டவள். நெசவுக்குப் பாவு நூல் ஓடும் தெருவில் பிறந்து, விசைத்தறிக் கொட்டகையில் நூல் சுற்றப் போனவள். எழுத்தைப் பார்த்து ஒரு சாமானைத் தெரிந்துகொள்வது எனக்குப் பழக்கமில்லை. அதன் உருவத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். கைப்பிடி இருந்தால் இழுக்கவேண்டும். தட்டையாக இருந்தால் தள்ளவேண்டும். குமிழாக இருந்தால் திருகவேண்டும். பெரும்பாலும் அது போதும். அவரை வைத்தியத்துக்குக் கூட்டிப்போன திருப்பதி ஆஸ்பத்திரியில் வாசல் கண்ணாடிக் கதவுக்கு இரண்டு பக்கமும் நீளக் கைப்பிடி வைத்திருந்தார்கள். தள்ளு என்று இங்கிலீஷிலும் தெலுங்கிலும் எழுதி ஒட்டியிருந்தது. கைப்பிடியைப் பார்த்தவர்கள் எல்லாரும் இழுத்தார்கள், கண்ணாடி போட்ட படித்தவர்கள் உட்பட. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேன் காலை முதல் "நெட்டண்டி, நெட்டண்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தள்ளுங்கள் என்று அர்த்தம். கதவைச் சரியாகச் செய்யாததால் ஒரு மனிதருக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது.

எல்லாவற்றையும்விடச் சங்கடம் தட்டுதான். வலது கை போனதால் அவருக்கு மிஞ்சியது இடது கை. நம் வழக்கத்தில் இடது கை கழுவுகிற கை. அதைச் சோற்றில் வைக்கமாட்டார். நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வார். ஸ்பூன் கொடுத்தேன், ஸ்பூன் என்றால் கை சோற்றில் படாது இல்லையா, அதற்குச் சம்மதித்தார். ஆனால் தட்டையான தட்டில் ஸ்பூன் தள்ளத் தள்ளச் சோறு நகர்ந்து, விளிம்பு ஏறி, பாயில் விழுந்தது. தட்டும் கூடவே ஓடியது. கடைசியில் ஆழமான கிண்ணம் ஒன்றுக்கு அடியில் ஈரத்துணியை மடித்து வைத்தேன். கிண்ணம் நகரவில்லை. சோறு கிண்ணத்தின் சுவரில் முட்டி ஸ்பூனில் ஏறியது. அவர் தானே தின்றார். எனக்குச் சந்தோஷம் வந்திருக்கவேண்டும். அடுத்து என்ன சாமான் என்றுதான் நினைத்தேன்.

பேச்சு முழுவதும் போய்விட்டது என்றேன். ஒரு சொல் மட்டும் திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே வந்தது. "போடு."

சட்டையைக் காட்டிப் போடு என்பார். மின்விசிறியைக் காட்டிப் போடு. சோற்றுப் பானையைப் பார்த்துப் போடு. டிவி, போர்வை, மகளுக்குப் போன், எல்லாவற்றுக்கும் போடு. முதலில் எனக்கு வேதனையாக இருந்தது. பிறகு யோசித்தால் அதைவிட வசதியான சொல் நம்மிடம் இல்லை. லைட் போடுகிறோம், கோலம் போடுகிறோம், ஊசி போடுகிறோம், கையெழுத்து போடுகிறோம், சண்டை போடுகிறோம். எந்தப் பாத்திரத்துக்கும் பொருந்துகிற மூடி மாதிரி. கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டால் பாதி நாள் ஓடிவிடும்.

திருப்பதியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் கடப்பைப் பக்கம். தமிழ் கொஞ்சமும் தெரியாது. நல்ல பொறுமைசாலி. படங்களைக் காட்டி இது என்ன, இது என்ன என்று தெலுங்கில் கேட்பாள். அவர் ஓட்டுநராக முப்பது ஊர்த் தெலுங்கு பேசினவர். இப்போது கேட்டால் புரிந்தது, வாயில் வரவில்லை. எந்தப் படத்துக்கும் போடு என்றார். தெலுங்கில் போடு என்றால் அவன் போகமாட்டான் என்று அர்த்தம். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பரிவாகக் குனிந்து கேட்டாள்.

"எவரு போரு சார்? எக்கடிக்கி போரு?"

யார் போகமாட்டார்கள், எங்கே போகமாட்டார்கள் என்கிறாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த ஃபேனைப் பார்த்து, "போடு" என்றார். அவள் ஃபேன் எங்கும் போகாது என்று ஆறுதல் சொன்னாள். நான் தெலுங்கில் விளக்கினேன். அவள் சிரித்துவிட்டு எழுந்து ஃபேனைப் போட்டாள். நானும் சிரித்தேன். வாய் சிரித்தது, அவ்வளவுதான்.

இதற்கிடையில் அவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டிருந்தார்.

ஒரேயடியாக இல்லை. மாத்திரைக்கு ஒரு மிடறு. சாப்பாட்டோடு இரண்டு மிடறு. நீட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வார். நான் என் புத்திக்கு எட்டியபடி, இது பாத்திரக் கோளாறு என்று முடிவுகட்டினேன். தட்டு மாதிரி, பேஸ்ட் மாதிரி இதுவும் ஒன்று. சொம்பு கனம் என்று டம்ளருக்கு மாறினேன். எவர்சில்வர் டம்ளர் வழுக்குகிறது என்று காது வைத்த கப்புக்கு மாறினேன். கப்பின் காதுக்குள் அவர் விரல் நுழையவில்லை என்று பெரிய காது வைத்த கப். பிறகு பாட்டில், அதன் மூடி இறுக்கம். பிறகு உறிஞ்சு குழல். கடைசியில் குழந்தைகளுக்கு விற்கிற மூக்கு வைத்த டப்பா ஒன்று, பச்சை நிறம், வாத்துப் படம் போட்டது. அதைக் கையில் கொடுத்ததும் சுவரோரம் எறிந்தார். வாத்து ஒன்றும் ஆகாமல் உருண்டு வந்து நின்றது. குழந்தை எறிந்தாலும் உடையாத மாதிரி செய்திருக்கிறார்கள்.

"இன்னா மாமா வேணும் உனுக்கு? எதுல குடுத்தா குடிப்பே?"

"போடு" என்றார்.

"இன்னா போடணும்? ஐஸ் போடணுமா? சக்கர போடணுமா?"

"போடு, போடு."

கையை வீட்டின் பின்பக்கமாக ஆட்டினார். பின்பக்கம் அடுப்படி இருக்கிறது. மோர் கேட்கிறார் என்று மோரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். அடுப்படிக்குப் பக்கத்துக் கதவுதான் பாத்ரூம் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

பாத்ரூமில் அவருக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை என்ற நினைப்பு எனக்கு. தரையோடு இருக்கும் கக்கூஸ்மேல் நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி வாங்கிப் போட்டிருந்தேன். தண்ணீர் மொள்ளும் மக்கை இடது பக்கம் மாற்றி வைத்தேன். சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அவர் நாலு கால் வைத்த கைத்தடியை ஊன்றி உள்ளே போவார்; கதவு பாதி திறந்தே இருக்கும்; நான் வெளியே நின்றுகொண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் மாமா, மாமா என்று எட்டிப்பார்ப்பேன். எதிர் வீட்டுப் பெண் சாம்பார்ப் பொடி கேட்டு வந்தால் அங்கிருந்தே பதில் சொல்வேன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் ஒருதரம் நேராகப் பின்பக்கம் வந்துவிட்டார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் உள்ளே தலையைக் குனிந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். பார்த்தேன். அதற்கு மேலே யோசிக்கவில்லை. விழாமல் இருந்தால் சரி.

காய்ச்சல் வந்தது. நடுங்கிப் போனார். சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி இருந்தது. புத்தூரில் டாக்டர் பாட்டில் ஏற்றினார். தண்ணீர் குடிக்காமல் கிருமி தங்கிவிட்டது, இந்தத் தடவை சரி செய்துவிட்டேன், இன்னொரு தடவை வந்தால் கிட்னிக்குப் போகும், இவர் உடம்பு தாங்காது என்று சொன்னார். நீங்கள் ஏன் குடிக்கவைக்கவில்லை என்று என்னைக் கேட்டார். எல்லாப் பாத்திரத்திலும் கொடுத்துப் பார்த்தேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

மகளுக்குப் போன் செய்தேன். அவள் யோசித்துவிட்டு, பெரியவர்களுக்கு மாட்டிவிடும் டயப்பர் இருக்கிறது, வாங்கி அனுப்பட்டுமா என்றாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவர் கட்டிலில் இருந்து எழ முயன்றார்.

"வாணாம்மா" என்றேன் அவளிடம். "நைனா கேட்டுக்கினு கீறாரு."

காய்ச்சல் இறங்கி, மறுபடி திருப்பதிக்குப் பயிற்சிக்குப் போன நாளில்தான் அது நடந்தது. பயிற்சி முடிந்து வெளியே வரும்போது அவர் தாழ்வாரத்துக் கோடியைக் காட்டினார். கழிவறை. ஊனமுற்றவர்களுக்கென்று தனியாக, அகலமான கதவோடு ஒன்று இருந்தது. கூட்டிப்போனேன். நானும் உள்ளே நுழையப் பார்த்தேன். அவர் தடியைக் குறுக்கே வைத்தார். என் தோளை இடது கையால் தள்ளினார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே டக் என்று ஒரு சத்தம்.

பூட்டிவிட்டார்.

கதவைத் தட்டினேன். மாமா, மாமா என்றேன். உள்ளே கக்கூஸுக்கும் சுவருக்கும் நடுவில் அவர் கிடப்பது போலவே எனக்குத் தெரிந்தது, கண்ணால் பார்ப்பது மாதிரி. வாட்ச்மேன் ஓடிவந்தார். என்னம்மா, யாராவது விழுந்துவிட்டார்களா என்று தெலுங்கில் கேட்டார். விழவில்லை, பூட்டிக்கொண்டார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. பாத்ரூமுக்குப் போனால் பூட்டிக்கொள்ளாமல் என்ன செய்வார்கள் என்று கேட்டுவிட்டுத் தன் கதவுக்குத் திரும்பிப் போனார்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து மறுபடி டக். அவர் வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தார். தலைமுடியைக்கூட ஈரக் கையால் ஒதுக்கியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போன நாள் முதல் அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்ததும் என் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக் கை நீட்டினார். மூடியைத் திருகிக் கொடுத்தேன். வெறும் சாதாரண பாட்டில், வழுக்குகிற பாட்டில். அண்ணாந்து முக்கால் பாட்டில் குடித்தார். சட்டையில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார், "போடு."

தாழ்ப்பாள் போடு. இத்தனை நாளும் அவர் கேட்டது அதைத்தான்.

நகரி பஸ் வந்தது. ஏறினோம். அவர் தூங்கிவிட்டார். தாழ்ப்பாள் போட்டால் விழுந்து சாவார். போடாவிட்டால் குடிக்காமல் சாவார். வழியெல்லாம் இதையேதான் திருப்பித் திருப்பி நினைத்துக்கொண்டு வந்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பெரிய வார்த்தை. தறி ஓடுகிற மாதிரி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய தாழ்ப்பாளையே தேடி எடுத்து, அதே ஓட்டைகளில் மாட்டினேன். அவர் எழுந்து வந்தார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. பிறகு கம்பி உரசும் சத்தம், நிற்கும் சத்தம், உரசும் சத்தம். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எங்கள் பாத்ரூம் கதவு கீல் தளர்ந்து தொங்கிப்போனது. ஒரு கையால் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் கம்பி ஓட்டைக்குள் போகும். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும். தெரியும் என்பதே தெரியாது, கை தானாகத் தூக்கும். விருந்தாளிகள் வந்தால் உள்ளே இருந்து கூப்பிடுவார்கள், நாங்கள் வெளியே இருந்து "தூக்கிப் போடு, தூக்கிப் போடு" என்போம். தூக்க அவருக்குக் கை இல்லை. சத்தம் நின்றது. கதவைத் தள்ளிப் பார்த்தேன். நெற்றியைக் கதவில் சாய்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் தள்ளியதில் கொஞ்சம் பின்னால் போனார். பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமும் அவர் தண்ணீர் குடிக்கவில்லை.

மறுநாள் எதிர் வீட்டுப் பெண்ணை அவரோடு உட்காரவைத்துவிட்டுச் சித்தூருக்குப் போனேன். அங்கே பெரிய ஹார்டுவேர் கடைகள் இருக்கின்றன. கடைக்காரர் தெலுங்குக்காரர், நம் தமிழும் பேசுவார். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் என்றதும் ஒரு டஜன் தினுசை எடுத்து மேஜைமேல் கொட்டினார். நான் வலது கையை முந்தானையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, இடது கையால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கம்பி இழுக்கிற தினுசு எல்லாம் ஒதுக்கினேன். சின்னக் குமிழ் வைத்தது, விரல் நுனியால் கிள்ளிப் பிடிக்கவேண்டியது, ஒதுக்கினேன். கொக்கி நல்லதுதான், ஆனால் கொக்கியை மாட்ட ஒரு கை, கதவை அழுத்த ஒரு கை. பார்ப்பதற்கு எல்லாமே அழகாக இருந்தன. தங்க நிறத்தில் பூ வேலை செய்ததுகூட இருந்தது. கதவை யார் பிடித்துக்கொள்வார்கள் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னாக்கா, தாழ்ப்பா வாங்க வந்தியா, தாழ்ப்பாக்குப் பரீச்ச வெக்க வந்தியா?"

"எங்க வூட்டுக்காரருக்கு ஒரு கைதான் வேல செய்து. அந்தக் கையால பாக்கறேன்."

பக்கத்தில் பைப் வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர் குறுக்கே வந்தார். "ஒரு கைக்குத் தாழ்ப்பா எதுக்கும்மா? ஒரு கோணியக் கட்டித் தொங்க உட்டுடு. ஆளு விழுந்தாலும் கதவ உடைக்க வேணாம்."

"உங்க வூட்ல கோணியா சார் கட்டிக்கீறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். பெரிய மனிதர் பைப்பை எண்ணப் போய்விட்டார்.

கடைக்காரர் உள்ளே போய்த் தூசி தட்டி ஒன்று கொண்டுவந்தார். உள்பக்கம் கட்டைவிரல் நீளத்தில் ஒரு நெம்புகோல். கீழே தள்ளினால் பூட்டும், மேலே தள்ளினால் திறக்கும். கதவைச் சாத்தும்போதே பூட்டின் நாக்கு தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும், யாரும் அழுத்திப் பிடிக்கவேண்டாம். வெளிப்பக்கம் தட்டையான வட்டம், அதன் நடுவில் ஒரு கோடு வெட்டியிருந்தது. இது எதற்கு என்று கேட்டேன். குழந்தைகள் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் ஒரு காசை இந்தக் கோட்டில் வைத்துத் திருப்பினால் வெளியிலிருந்து திறந்துவிடும் என்றார்.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியும் மூடாமலும் இருக்கிற ஒன்று. யாரோ எங்கேயோ உட்கார்ந்து, உள்ளே இருக்கிறவரையும் வெளியே நிற்கிறவளையும் சேர்த்து நினைத்திருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வரும்போல இருந்தது. வரவில்லை. கட்டித் தரச் சொன்னேன்.

மாட்ட வந்த தச்சர் எங்கள் தெருக்காரர், என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. முதலில் கீலை இறுக்கிக் கதவை நிமிர்த்தினார். பிறகு பழைய தாழ்ப்பாள் இருந்த உயரத்திலேயே டிரில்லை வைத்தார், தோள் உயரத்தில். எல்லா வீட்டிலும் அங்கேதான் இருக்கும். கட்டிலில் இருந்து அவர் சத்தம் போட்டார். தடியை ஊன்றி எழுந்து வந்தார். உள்ளே நுழைந்து, கதவைப் பார்த்து நின்று, தடியைச் சுவரோரம் நிறுத்தினார். இடது கையை இறக்கி, இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, கதவில் உள்ளங்கையை வைத்தார்.

"போடு."

"அங்கயா? அங்க யாருனா தாழ்ப்பா வெப்பாங்களாண்ணா? கொய்ந்தைங்க ஒயரம் அது."

அவர் கையை எடுக்கவில்லை. ஒரு குண்டைப் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கி, கீழே இழுத்துக் காட்டினார். மறுபடி காட்டினார். எனக்கு அப்போதும் புரியவில்லை; தச்சருக்குத்தான் புரிந்தது.

"அட, கியரு! இன்னாண்ணா, பாத்ரூம்ல கியர் போட்டுக்கினு எங்க போறே, திருப்பதிக்கா?"

அவருடைய நல்ல பக்க வாய் இழுத்துக்கொண்டது. சிரிப்புதான். அந்த இடது கைக்கு எதுவும் தெரியாது, எல்லாம் புதிதாகக் கற்றுக்கொடுக்கவேண்டும் என்று நானும் அந்தக் கடப்பைப் பெண்ணும் நினைத்துக்கொண்டிருந்தோம். பஸ்ஸில் வலது கை ஸ்டியரிங்கில் இருக்கும். கியர் இடது கைதான். வருஷக்கணக்கில் பார்க்காமலே போட்ட கை. அந்த உயரத்தில், அந்தப் பக்கத்தில் ஒரு குச்சி இருந்தால் அதற்கு யாரும் ஒன்றும் சொல்லித்தரவேண்டாம். தச்சர் அங்கேயே ஓட்டை போட்டார். நெம்புகோல் நுனியில் ஒரு மரக்குண்டு செதுக்கி மாட்டிவிட்டும் போனார், கேட்காமலே.

வேலை முடிந்ததும் அவர் கதவின் வெளிப்பக்கம் வந்து நின்றார். வட்டத்தையும் அதில் இருந்த கோட்டையும் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். வண்டிக்காரர், அது எதற்கென்று அவருக்கு விளக்கவேண்டியதில்லை. நான் ஏற்கெனவே கதவு நிலைக்கு மேலே ஒரு ரூபாய்க் காசு ஒன்றை வைத்திருந்தேன். அவர் கண் அங்கே போனது. நான் எடுத்துக் கொடுத்தேன். மறைக்க என்ன இருக்கிறது.

"நீ உள்ள வியுந்துட்டா நான் இன்னா பண்றது மாமா? இது இல்லாங்காட்டி என்னால நிக்கமுடியாது" என்றேன்.

காசைக் கோட்டில் வைத்துத் திருப்பினார். பூட்டியது. திருப்பினார். திறந்தது. கொஞ்ச நேரம் அதையே செய்துகொண்டிருந்தார். காசைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையை உயர்த்தி, முதலில் எட்டாமல் தள்ளாடி, காசை நிலையின் மேல் இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு உள்ளே போனார். டக்.

இப்போதும் நான் வெளியே நிற்கத்தான் செய்கிறேன். அடுப்படியில் நிற்பது போல நிற்கிறேன். தாங்க முடியாமல் போகும்போது மாமா என்று ஒருதரம் கூப்பிடுவேன். உள்ளே இருந்து மக்கால் பக்கெட்டை ஒரு தட்டு, டொக் என்று. யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. முதல் நாளே அப்படி வந்தது. டொக் என்றால் இருக்கிறேன் என்று அர்த்தம். தண்ணீர் இப்போது குடிக்கிறார், எதில் கொடுத்தாலும். புத்தூர் டாக்டர் போன தடவை சிறுநீர் சோதனையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பேச்சு இன்னும் வரவில்லை. வரும், வராது என்று யாரும் சொல்லவில்லை.

சில நாள் நான் கூப்பிட்டு நிற்பேன், டொக் வராது. இரண்டாம் தரம் கூப்பிடுவேன். வராது. கை தானாக மேலே போய்க் காசை எடுக்கும். கோட்டில் வைப்பேன். காசின் விளிம்பு உலோகத்தில் உரசும் சத்தம் உள்ளே கேட்கும். உடனே டொக், டொக், டொக், அவசரமாக. வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைக்கிறேன். கல்யாணமான புதிதிலும் இப்படித்தான், நான் பயப்படுவதைப் பார்க்க எங்காவது ஒளிந்துகொள்வார்.

காசை எடுத்த இடத்தில் வைக்கிறேன். எனக்குள் ஏதாவது இறங்குகிறதா, லேசாகிறதா என்று பார்க்கிறேன். தெரியவில்லை. அடுப்பில் பால் இருக்கிறது, அதைப் பார்க்கப் போகிறேன்.